எளாவூர் ஏரிக்கரையில் மூச்சுக் கணக்கு

சூளூர்பேட்டை போகும் லோக்கல் ரயில் கும்மிடிப்பூண்டியிலேயே பாதி காலியாகிவிடும். சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வருகிறவர்கள் அங்கே இறங்கிவிடுவார்கள். அடுத்த நிறுத்தம் எளாவூர். அதற்கப்புறம் ஆரம்பாக்கம், அதையும் தாண்டினால் தடா, ஆந்திர எல்லை. பழவேற்காடு ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் பொன்னேரியில் இறங்கி, டச்சுக்காரர்களின் கல்லறைகளையும் படகுத் துறையையும் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். எளாவூரிலிருந்து கிழக்கே சுண்ணாம்புக்குளம் பக்கம் போனால் அதே ஏரியின் மேற்குக் கரை வரும். அங்கே சுற்றிப் பார்க்க யாரும் வருவதில்லை. நான் போனது அங்குள்ளவர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்று கேட்பதற்காக.

தூங்குகிறவரின் உடலில் ஒரு ஒயரைக்கூட ஒட்டாமல், மூச்சு எப்படிப் போகிறது, எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் கருவிகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. விளம்பரப் படங்களில் அவை எல்லாமே ஒரே மாதிரி அறையில்தான் இருக்கும்: வெள்ளை விரிப்பு, கனத்த மெத்தை, தலைமாட்டில் விளக்கு, ஒற்றை ஆள். பாயிலும் படகிலும் லாரி கேபினிலும் படுக்கிறவர்களுக்கு இவற்றால் என்ன பயன் என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. எளாவூரில் இந்த மூன்று படுக்கையும் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன.

முதலில் லாரி. சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டுக்குள் நுழையும் வண்டிகளுக்கு எளாவூர் சோதனைச் சாவடிதான் வாசல். சாவடிக்கு முன்னும் பின்னும் சாலையோரத்தில் நிறுத்திவிட்டுத் தூங்குகிறவர்கள் பகலிலும் உண்டு. கதவைத் திறந்து வைத்து, காலை வெளியே நீட்டி, ஒரு கையை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். ராத்திரியெல்லாம் கடை திறந்திருக்கும் டீக்கடைக்காரரிடம் குறட்டையைப் பற்றிக் கேட்டேன். சிரிக்காமல் பதில் சொன்னார். “குறட்டை வந்துனு இருந்தா பரவால்ல சார். திடீர்னு நின்னுடும். நானே கிளாஸைக் கீழ வச்சிட்டுப் பார்ப்பேன். அப்புறம் பெருசா ஒரு இழுப்பு இழுப்பாங்க. அந்த ஆளு எழுந்து வந்து டீ கேக்கறப்ப பார்த்தா, தூங்கி எழுந்த மூஞ்சியாவே இருக்காது.”

தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயின் முக்கியமான அடையாளம் முழுவதும் அவர் பேச்சில் வந்துவிட்டது. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் மூச்சு வழி குறுகிக் குறட்டையாகும். இன்னும் சிலருக்கு வழியே அடைபட்டுப் போகும். பத்து விநாடியோ அதற்கு மேலோ காற்று உள்ளே போகாவிட்டால் அதை ஒரு மூச்சுத்தடை என்று கணக்கெடுக்கிறார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்க, மூளை ஆளை உலுக்கி விடுகிறது, தொண்டை திறக்கிறது, மறுபடி தூக்கம். காலையில் எதுவும் நினைவில் இருக்காது. முழுத் தடையும் அரைத் தடையும் சேர்த்து மணிக்கு ஐந்துக்குள் இருந்தால் கவலையில்லை. பதினைந்தைத் தாண்டினால் நடுத்தரம், முப்பதைத் தொட்டால் கடுமை. முப்பது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, விடிய விடிய. அப்படித் தூங்கி எழுந்தவர் பதினாறு சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு விஜயவாடா போகிறார். இந்த நோயுள்ள ஓட்டுநர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதைப் பல ஆய்வுகள் சேர்ந்து காட்டியிருக்கின்றன.

இந்தியாவில் இதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து, டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பெரியவர்களில் நூற்றுக்குப் பதினோரு பேருக்கு இது இருக்கிறது; உழைக்கும் வயதில் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் சுமார் 10 கோடியே 40 லட்சம் பேர். பெரும்பாலானவர்களுக்கு இது ஒரு நோய் என்றே தெரியாது. நம் ஊரில் குறட்டை விடுகிறவரைப் பார்த்து ‘நிம்மதியாத் தூங்கறாரு’ என்றுதானே சொல்கிறோம்.

கண்டறிய முறையான வழி ஸ்லீப் ஸ்டடி. மருத்துவமனையில் ஓரிரவு படுக்க வைத்து, தலையில் மின்முனைகள், கண்ணோரம், தாடை, கால் எல்லாவற்றிலும் ஒயர்கள், மூக்கடியில் குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் கவ்வி என்று மாட்டி விடிய விடியப் பதிவு செய்வார்கள். மிக நுட்பமான பரிசோதனை, சந்தேகமில்லை. ஆனால் எளாவூரிலிருந்து சென்னை சுமார் 50 கிலோமீட்டர். மீன்பிடிக்கிறவருக்கு ஓரிரவு என்பது ஒரு வருமானம். லாரி ஓட்டுநருக்கு அது ஒரு நடை. எனக்கு ஒண்ணுமில்லை என்று நம்புகிற ஒருவரை, இத்தனை ஒயரோடு படுக்கச் சொல்லி எப்படி வரவழைப்பது? ஒட்டாமல் அளக்கும் கருவிகளின் தேவை இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

சுண்ணாம்புக்குளம் சாலையில் ஷேர் ஆட்டோ கிழக்கே போகப் போகக் காற்றில் உப்பு ஏறுகிறது. இரண்டு பக்கமும் இறால் பண்ணைகள். கரைகளில் நீலத் தார்ப்பாய், குளத்தில் துடுப்புச் சக்கரம் சுற்றும் ஏரேட்டர்கள், ஓரத்தில் காவலுக்கு ஒரு கொட்டகை. அங்கே இருந்த காவலாளி ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கப் போய், நாலு மணிக்கு எழுந்துவிடுகிறவர். ஏனென்றால் விடிவதற்கு முந்தைய நேரத்தில்தான் குளத்து நீரில் ஆக்ஸிஜன் மிகவும் குறையும். பகலில் பாசி வெளிவிடும் ஆக்ஸிஜன் இரவில் நின்றுபோகிறது. பாசியும் இறாலும் சேர்ந்து இருப்பதை உறிஞ்சிவிடுகின்றன. அந்த நேரத்தில் நீரின் ஆக்ஸிஜனை அளக்கும் டி.ஓ. மீட்டரை உள்ளே விட்டுப் பார்ப்பார். அளவு நாலுக்குக் கீழே போனால் கூடுதலாக ஒரு ஏரேட்டரைத் தட்டிவிடுவார். கரண்ட் போனால் ஜெனரேட்டர் தயார்.

மனிதரிலும் பலருக்கு மூச்சுத்தடை மோசமாவது விடிவதற்கு முந்தைய அந்த மணிகளில்தான். கனவுத் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில் அதிகம். அப்போது தசைகள் முழுக்கத் தளர்ந்து கிடக்கும். கொட்டகையில் அந்த மனிதர் தூங்கும் இரண்டு மணி நேரத்தில் அவருடைய ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்க யாருமில்லை. இறாலுக்கு உள்ள கவனிப்பு அவருக்கு இல்லையே என்று எனக்கு உண்மையிலேயே வலித்தது. இறாலுக்குக் கொடுப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை. பண்ணை முதலாளி இறாலுக்காக மீட்டர் வாங்கியது, மீட்டர் மலிவாகவும் எளிதாகவும் கைக்கு வந்ததால்தான். மனிதருக்கும் அது அப்படி வர வேண்டும்.

ஏரிக்கரைக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பழவேற்காடு ஏரி சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. அகலம்தான் பெரிது, ஆழம் இல்லை. பல இடங்களில் ஆள் நடந்தே போகலாம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. கரையில் பைபர் படகுகள், காய வைத்த வலைகள், நண்டுக் கூடைகள். இன்றைக்கு யார், எந்த இடத்தில் வலை போடுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ ஏற்பாடு இந்த ஏரியில் தலைமுறைகளாக நடக்கிறது. பாடு ராத்திரியில் வந்தால் ராத்திரியில் போக வேண்டும். ஆகையால் தூக்கம் பகலில், மதியத்தில், கிடைத்த நேரத்தில். கோடையில் வீட்டுக்குள் யாரும் படுப்பதில்லை. திண்ணையில், கோயில் வாசலில், படகின் நிழலில் என்று காற்று வரும் இடமெல்லாம் படுக்கை.

வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். கணவர் கொஞ்ச தூரத்தில் படகடியில் தூங்கிக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கும், ஒல்லிதான், ஆனால் கழுத்து பருமன். குறட்டை எங்களுக்குக் கேட்டது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் வலையைக் கீழே வைத்தார்.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து குறட்டை இக்குது சார். இப்ப ஒரு நாலஞ்சு வருசமா மூச்சே நின்னு நின்னு வருது. நிக்கிறப்போ எனக்குத் தூக்கம் கலைஞ்சிடும். சத்தம் கேட்டு இல்ல, சத்தம் நின்னுதே அதனால. கைய மூக்குக்கிட்ட வச்சிப் பார்ப்பேன். காத்து வரலன்னா உருட்டிவுடுவேன். ஒருக்களிச்சிப் படுத்தா கொஞ்சம் சரியாவும்.”

நாலைந்து ஆண்டுகளாக இந்த அம்மா ஒவ்வொரு இரவும் செய்துவருவது மூச்சுக் கண்காணிப்புதான், சிகிச்சையின் முதல் படியும்கூட. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து வழியை மறைக்கும். ஒருக்களித்தால் பலருக்கு அடைப்பு குறையும். இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எந்த மருத்துவரும் அவரிடம் கேட்கவும் இல்லை. கணவர் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பெண் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம் இந்தக் கரைக்கு உண்மையிலேயே பெரிய உதவி. மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் இறங்காதவர்களில் பலருக்குப் பின்னால் இந்த மூச்சுத்தடை இருக்கிறது. பிரஷர் பார்க்கும்போதே “தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா?” என்று மனைவியிடம் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் செலவு ஒரு பைசா ஆகாது.

அவருடைய மகன் கல்லூரியில் படிக்கிறவன். கையில் போன். போனைக் காட்டி, இதே மாதிரி ஒரு சாதாரண போனை வைத்தே மூச்சை அளந்திருக்கிறார்கள் என்றேன். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராஜலட்சுமி நந்தகுமார், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஷ்யாம் கொல்லகோட்டா, தூக்க மருத்துவர் நதானியேல் வாட்சன் மூவரும் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட வேலை அது. போனின் ஸ்பீக்கர் 18 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் அளவில், பெரியவர்கள் காதுக்கு அனேகமாகக் கேட்காத ஒலியைத் தொடர்ந்து அனுப்பும். அது மார்பில் பட்டுத் திரும்பி மைக்குக்கு வரும். மார்பு ஏறி இறங்கும்போது திரும்பி வரும் ஒலி மாறும்; அந்த மாற்றத்தை வைத்து மூச்சைக் கணக்கிடலாம். மருத்துவமனைத் தூக்க ஆய்வகத்தில் 37 நோயாளிகளிடம், ஒயர்ப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் நன்றாகப் பொருந்தின.

“கடல்ல போற போட்டுல மீன் தேடற மிஷின் இருக்குல்ல, அதே கதையா?” என்றான் பையன். அதே கதைதான். ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டு, தூரத்தைத் தெரிந்துகொள்வது. இந்தக் கரையில் விளக்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அம்மா கேட்ட கேள்வி இன்னும் கூர்மையாக இருந்தது. “நாங்க அஞ்சு பேரு ஒரே ரூம்ல படுக்கறோம். ஃபேன் ஓடும். அது யாரு மூச்சுன்னு எப்படி அதுக்குத் தெரியும்?” ஃபேன் சத்தமும் பேச்சுச் சத்தமும் பெரும்பாலும் அந்த 18 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இருக்கும், அதனால் குழப்பாது. ஆட்களைத் தூரத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவர் எதிரொலி முதலில் வரும், தள்ளிப் படுத்தவருடையது பிறகு. ஆனால் அந்தப் போன் முறை ஒரு மீட்டர் தூரம் வரைக்கும்தான். ஐந்து பேர் நெருக்கியடித்துப் படுத்தால் என்ன ஆகும் என்பதை இந்த மாதிரி வீட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு வழி பெங்களூரில் பிறந்தது. ஐ.ஐ.டி. பம்பாயில் படித்த முதித் தண்டவதே, ஐ.ஐ.டி. இந்தூரில் படித்த கௌரவ் பர்ச்சானி இருவரும் 2015-இல் தொடங்கிய நிறுவனத்தின் ‘டோஸி’ என்ற கருவி. மெல்லிய ஒரு தாள் மெத்தைக்கடியில் கிடக்கும். இதயம் ஒவ்வொரு முறை ரத்தத்தைத் தள்ளும்போதும், மார்பு ஒவ்வொரு முறை விரியும்போதும் உடலில் எழும் நுண்ணிய அதிர்வை அது பிடித்துக்கொள்ளும். கொரோனா காலத்தில் நம் நாட்டு மருத்துவமனை வார்டுகளில் நிறையப் பயன்பட்டது. ஆனால் அது படுக்கையையும் மெத்தையையும் நம்பி உருவானது. ஒரே பாயில் இரண்டு குழந்தைகள் உருண்டு வந்து மேலே விழும் வீட்டுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது.

மூன்றாவது ரேடார். பேசிக்கொண்டிருந்தபோது பையன் ஏரிக்கு அப்பால் கையை நீட்டினான். அந்தப் பக்க நீளத் திட்டின் வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில் மீன்பிடிக்கப் போகக் கூடாது என்று இவர்களுக்கு அறிவிப்பு வரும். வருமானம் போகும், ஆனாலும் கரையில் நின்று எல்லோரும் பார்ப்பார்கள். 2025 ஜூலை 30 மாலை அங்கிருந்து நிசார் செயற்கைக்கோள் போனது. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்தது. 740 கிலோமீட்டருக்கும் மேலே சுற்றிக்கொண்டு ரேடார் அலைகளைப் பூமிக்கு அனுப்பி, நிலம் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் கண்டுபிடிக்கும். திரும்பி வரும் அலை, அனுப்பிய அலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை வைத்து அந்தக் கணக்கு. வீட்டுக்குள் மூச்சை அளக்கும் சிறு ரேடாரும் இதே அடிப்படையில் நடப்பதுதான். 60 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 மில்லிமீட்டர். அமைதியான மூச்சில் மார்பு சில மில்லிமீட்டர்தான் அசையும். அதை எளிதாகப் பிடித்துவிடும். போர்வை தடையில்லை, இருட்டு தடையில்லை. 2021-இல் கூகுள் விற்ற மேசைத் திரை ஒன்றிலேயே இந்த ரேடார் வந்துவிட்டது. தோலின் நிறமும் அதற்கு ஒரு பொருட்டில்லை. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் கறுத்த தோலில் ஆக்ஸிஜனைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பது 2020-இல் அமெரிக்க நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் பெரிதாக வெளிவந்தது. வெயிலில் உழைக்கும் உடம்புகள் உள்ள இந்தக் கரைக்கு அது சின்ன விஷயமில்லை.

நிலம் நகர்வதை விண்ணிலிருந்து அளக்கும் கருவியை ஏவும் இடத்துக்கும், கணவரின் மூக்கில் கை வைத்துப் பார்க்கும் இந்த அம்மாவின் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு ஏரி மட்டும்தான். அறிவு எட்டாத தூரத்தில் இல்லை. பாயில் படுப்பவரை, அறை நிறையப் படுப்பவரை, திண்ணையில் காற்றில் படுப்பவரை மனதில் வைத்து இந்தக் கருவியைச் செய்யச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என் ஆதங்கம் முழுக்க இதுதான். ஒட்டாமல் அளப்பது யாருக்கு மிகவும் தேவை? ஒரு நாள் ஆய்வகத்துக்கு வர முடியாதவருக்கு. ஆனால் கருவி இன்று போவதெல்லாம் ஆய்வகத்துக்குக் காரில் போகக்கூடியவரின் படுக்கையறைக்கு.

கருவியின் குறையையும் அவர்களிடம் மறைக்கவில்லை. ஒலியும் ரேடாரும் பார்ப்பது அசைவை, காற்றை அல்ல. தொண்டை அடைத்திருக்கும்போதும் மார்பும் வயிறும் காற்றுக்காக இழுத்துக்கொண்டே இருக்கும், காற்றுதான் உள்ளே போகாது. அந்த இழுப்பின் மாற்றத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்த கணக்கு வேண்டும். ஆக்ஸிஜன் எவ்வளவு இறங்கியது என்பதையும் இவை நேராகச் சொல்லாது. ஆகவே இது சல்லடை. சந்தேகமுள்ளவரைப் பிரித்துக் கொடுக்கும். முடிவு மருத்துவர் கையில்.

அதற்குப் பிறகுதான் பெரிய கஷ்டம். கடுமையான நோய்க்கு இன்றும் முதல் சிகிச்சை சிபாப். 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன், வேக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி வைத்துக் காற்றை மூக்கு வழியே அழுத்தி அனுப்பி, தொண்டை மூடாமல் நிறுத்திக் காட்டினார். அற்புதமான மருத்துவம், பல பேர் உயிரைக் காத்தது. ஆனால் பல ஆயிரம் ரூபாய். தினமும் மின்சாரம். முகமூடியையும் குழாயையும் அடிக்கடி கழுவ வேண்டும். படகில் படுப்பவருக்கு அதை எங்கே மாட்டுவது? எடை குறைப்பது, ராத்திரி குடியை விடுவது, ஒருக்களித்துப் படுப்பது, கீழ்த்தாடையை முன்னுக்கு நிறுத்தும் பல் கருவி என்று மற்ற வழிகளும் உண்டு. லேசான, நடுத்தரமான நோய்க்கு அவை உதவும். நோயைக் கண்டுபிடித்துக் கையில் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு, சிகிச்சைக்கு நீயே வழி பார் என்று விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அளக்கும் கருவியை இந்தக் கரைக்குக் கொண்டுவருகிறவர்கள் மூச்சுக் கருவியையும் அரசு மருத்துவமனை வழியே கொண்டுவர வேண்டும்.

இதற்குள் அம்மாவின் கணவர் எழுந்து வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. “இன்னா, என் குறட்டையப் பத்திப் பேச்சா?” என்று கேட்டு உட்கார்ந்தார். மறுக்கவில்லை, கோபமும் இல்லை. தலைவலியோடுதான் எழுந்திருக்கிறேன், மதியத்தில் படகில் உட்கார்ந்தபடியே கண் செருகிவிடுகிறது, ஒரு தடவை தண்ணீரில் விழுந்தேன் என்று அவராகவே சொன்னார்.

கனடாவில் மயக்க மருத்துவர் பிரான்சிஸ் சங் 2008-இல் கொடுத்த எட்டுக் கேள்விகள் இருக்கின்றன, கருவியே வேண்டாம். குறட்டை உண்டா, பகலில் அசதியா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, இரத்த அழுத்தம் உண்டா, உடல் பருமனா, வயது ஐம்பதுக்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா? ஐந்துக்கு ஆமாம் என்றால் ஆபத்து அதிகம். டேப் இல்லை. அம்மா வலை நூலில் ஒரு துண்டு அறுத்துக் கணவர் கழுத்தைச் சுற்றிப் பிடித்தார்; பையன் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேல் கொண்டுவந்து தரையில் வைத்து அளந்தான். நாற்பத்திரண்டு. பருமன் ஒன்றைத் தவிர மற்ற ஏழுக்கும் ஆமாம்.

இன்று ராத்திரி தலைமாட்டில் போனை வைத்து வீடியோ எடு, மூச்சு நின்று திரும்பும் இடம் ஒன்று கிடைத்தாலும் போதும், மருத்துவரிடம் அதைக் காட்டு என்று பையனிடம் சொன்னேன். பாடு இல்லாத நாள் எது என்று மூவரும் கணக்குப் போட்டு, கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனைக்கு வியாழக்கிழமை போவதென்று ஆயிற்று. காலையிலேயே போய்விட்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன், நீ எதுக்கு என்றார் அவர்.

“நானும் வருவேன்,” என்றார் அம்மா, நூலைச் சுருட்டிக்கொண்டே. “நீ போய் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு வந்துடுவ. ராத்திரி நடக்கறது உனக்கு இன்னா தெரியும்? எனக்குத்தான் தெரியும்.”